மத்தியானம் மட்டும் திறக்காத வண்டி

நிமியா ஒஹேதா கோபம் வந்தால் கத்துகிறவள் அல்ல. கையிலிருக்கும் ஸ்க்ரூடிரைவரை மேசைமேல் வைப்பாள். தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோலச் சத்தமே வராமல் வைப்பாள். அதைப் பார்த்தால் நான் தையல் மெஷினை நிறுத்திவிட்டு மெல்ல எழுந்து போய்விடுவது வழக்கம். டோன் எலாடியோவின் காருக்கு ஸ்டார்ட் பொத்தான் வைத்த அந்தக் கோடையில் நான் எத்தனை முறை எழுந்து போனேன் என்று எனக்கே கணக்கில்லை.

சான் லொரென்ஸோ பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் எங்கள் இரண்டு கடைகளுக்கும் ஒரே சுவர். நான் கிறிஸ்பின், கார் சீட்டுக்கு உறை தைக்கிறவன். அவள் கார் எலெக்ட்ரீஷியன். கடை போர்டில் அவள் பெயர் கிடையாது. 'சிரிலோ ஆட்டோ எலெக்ட்ரிக்' என்று புருஷன் பெயர்தான் இருக்கிறது. சிரிலோ ஆறு மாத வேலை என்று சொல்லிப் புவனோஸ் ஐரிஸுக்குப் போனவன். போய் ஒன்பது வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஃபோன் பண்ணுவான். அவன் பாதியில் விட்டுப்போன ஒரு லாரி ஸ்டார்ட்டர் மோட்டாரை, கல்யாணத்துக்கு முன் ஃபேன் ரிப்பேர் கடையில் காயில் சுற்றிப் பழகிய கையால் நிமியா சுற்றி ஓட வைத்தாள். லாரிக்காரன் அடுத்த வாரம் இன்னொரு லாரியைக் கொண்டுவந்தான். ஆரம்பம் அதுதான். இப்போது அவளுக்கு நாற்பத்தேழு வயது. ஹார்ன் அடிக்காத வண்டி, விளக்கு எரியாத வண்டி, நிறுத்தி எடுத்தால் பேட்டரி செத்துக் கிடக்கும் வண்டி, எல்லாம் அவளிடம்தான் வரும். ஆனாலும் முதல் தடவை வருகிறவன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்பான்.

"மாஸ்டர் இல்லையா?"

"இருக்கேன், சொல்லுங்க," என்பாள்.

எங்கள் ஊரில் வெயில் ஏற ஆரம்பிக்கும் நவம்பர் மாதம் ஒருநாள் காலையில் டோன் எலாடியோ இன்ஸ்ஃப்ரானும் அதையே கேட்டார். பதிவு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் பிறப்புச் சான்றிதழுக்கு முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். இஸ்திரி போட்ட சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. எந்த விஷயமானாலும் அதை அடுத்தவருக்கு விளக்கும் வேலை தன்னுடையது என்று நினைப்பவர். அவர் கார் தொண்ணூற்றெட்டாம் வருஷத்து ஜப்பான் கார். கப்பலில் வந்து இறங்கி, வலது பக்கம் இருந்த ஸ்டியரிங்கை இடது பக்கம் மாற்றிப்போட்டு விற்ற வண்டி. எங்கள் ஊரில் பாதி வண்டி அப்படி வந்ததுதான்.

கையில் ஒரு அட்டைப்பெட்டி வைத்திருந்தார்.

"மகளே, இதுல எல்லாம் இருக்கு. எல்லைப் பக்கச் சந்தைக்குப் போயிருந்தப்ப நானே பாத்து வாங்கினேன். சாவி பாக்கெட்டுல இருந்தாப் போதும், கிட்ட போனா கதவு தானாத் திறக்கும். உள்ள உக்காந்து பொத்தானை அமுக்கினா இஞ்சின் ஓடும். நீ மாட்டினாப் போதும். ஒரு மணி நேர வேலை."

"ஒரு மணி நேரம்னு யாரு சொன்னா?"

"வீடியோல பாத்தேன். அவன் பதினோரு நிமிஷத்துல முடிச்சான். நான் உனக்கு ஒரு மணி நேரம் தர்றேன்."

நிமியா பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒரு கறுப்புப் பெட்டி, தலைமுடிச் சிக்கல்போல வயர்கள், நடுவில் வெள்ளி வளையம் போட்ட பொத்தான், தீப்பெட்டி அளவில் இரண்டு ரிமோட். வரைபடம் இருந்த தாளை நகலுக்கு நகல் எடுத்திருந்தார்கள். சிவப்பு எது, பழுப்பு எது என்று அதில் ஒன்றும் தெரியவில்லை.

"டோன் எலாடியோ, இந்தச் சாமானுக்கு நான் பொறுப்பு ஏத்துக்க முடியாது. உங்க சாவியில என்ன குறை இருக்கு?"

அவர் பையிலிருந்த பேனாக்களைச் சரிசெய்துகொண்டார். பதில் என்ன என்று எனக்குத் தெரியும். அவர் மனைவி ஞா தீக்னாவின் (ஆண்களுக்கு டோன், பெண்களுக்கு ஞா, இது எங்கள் ஊர் மரியாதை) தம்பி புதுசாக ஒரு கொரிய வண்டி வாங்கியிருந்தான். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டு வாசலில் நின்று, பாக்கெட்டில் கைவிட்டபடியே கதவைத் திறந்து காட்டியிருக்கிறான். அதைத் தெருவே பார்த்தது.

"முடியாதுன்னா சொல்லு. வேற ஆள்கிட்ட போறேன். ஆம்பளை யாராவது செய்வாங்க," என்றார்.

ஸ்க்ரூடிரைவர் மேசைமேல் சத்தமில்லாமல் இறங்கியது. நான் எழுந்து, நாங்கள் குழலில் உறிஞ்சும் குளிர்ந்த இலைப்பானமான தெரெரேக்குப் பனிக்கட்டி வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது வண்டி அவள் கடைக்குள் நின்றது.

ஒரு மணி நேர வேலை மூன்று நாள் ஆனது. சீட்டுகளைக் கழற்றித் தரவேண்டும் என்று கூப்பிட்டதால் நானும் கூட இருந்தேன். அவள் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, வாயில் டார்ச்சைக் கடித்தபடி வயர்களைத் தேடினாள். ஸ்டியரிங்கை இடம் மாற்றிய புண்ணியவான்கள் கைக்குக் கிடைத்த வயரையெல்லாம் ஒட்டுப்போட்டு நீட்டி வைத்திருந்தார்கள்.

"கிறிஸ்பின், இங்க வந்து பாரு. இந்த வயர் பச்சையா உள்ள போகுது. விரிப்புக்கு அடியில மஞ்சளா மாறுது. அந்தப் பக்கம் சிவப்பா வெளிய வருது. இவன் வண்டிக்கு வயர் இழுத்தானா, கொடி கட்டினானா?"

"விட்டுடு. ஆள்கிட்ட திருப்பிக் குடுத்துடு."

"எப்படி விடறது? முப்பது துண்டு அவுத்துப் போட்டிருக்கேன்."

ஒவ்வொரு வயராகச் சோதனை விளக்கு வைத்துப் பார்த்து, துணி நாடாவில் பெயர் எழுதிக் கட்டினாள். ஸ்டியரிங் பூட்டின் நாக்கைத் தனியாகக் கழற்றி எடுத்தாள். சாவி இல்லாமல் ஓடும் வண்டியில் அது இருந்து, வளைவில் பூட்டிக்கொண்டால் ஆள் பிழைக்கமாட்டான். இது அந்தத் தாளில் இல்லை, வீடியோவிலும் இல்லை. பிரேக்கை மிதித்தால்தான் பொத்தான் வேலை செய்யும்படி கட்டினாள். ரிமோட்டை மோப்பம் பிடிக்கும் ஏரியல் துண்டு இரண்டையும் முன்சீட்டுக்கு அடியில் ஒன்று, பின்சீட்டுக்குப் பின்னால் ஒன்று என்று வைத்தாள். டோன் எலாடியோ தினம் இரண்டு வேளை வந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"பதினோரு நிமிஷம்," என்பார்.

நிமியா டேஷ்போர்டுக்கு அடியில் அடுத்த வயரைத் தேடுவாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் வேலை முடிந்தது. ரிமோட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு டோன் எலாடியோ வண்டியை நெருங்கினார். 'டக்' என்று நான்கு கதவின் பூட்டும் திறந்தன. உள்ளே உட்கார்ந்து பொத்தானை அமுக்கினார். இஞ்சின் ஓடியது. முகம் அப்படியே இளகிவிட்டது. இறங்கினார், பத்தடி நடந்தார், கதவு பூட்டியது. திரும்பி வந்தார், திறந்தது. இப்படி ஏழு தரம். எட்டாவது தரம் என்னையும் கூட நடக்கச் சொன்னார்.

பத்து நாள் பிரச்சினை எதுவும் இல்லை. பதினோராவது நாள் ஞாயிற்றுக்கிழமை. ஓய்வு பெற்ற குமாஸ்தாக்களின் சங்கத்துக்கு அன்றைக்குக் கறி விருந்து. ஆண்கள் மட்டும்தான். விலா எலும்புக் கறி பன்னிரண்டு கிலோ கொண்டுவருவது டோன் எலாடியோவின் பொறுப்பு. பகல் பன்னிரண்டு மணிக்கு, நாற்பது டிகிரி வெயிலில், இரண்டு கையிலும் கறிப்பையோடு வண்டியை நெருங்கினார். கதவு திறக்கவில்லை. பின்னால் போனார், முன்னால் வந்தார், ரிமோட்டின் பட்டனை அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு இரும்புச் சாவியைத் தேடி எடுத்துவந்து கதவைத் திறந்தார். உடனே அலாரம் அலறியது. உள்ளே உட்கார்ந்து பொத்தானை அமுக்கினால் வண்டி அசையவில்லை. தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. கடைசியில் பன்னிரண்டு கிலோ கறியைச் சுமந்துகொண்டு நாற்பத்தைந்தாம் நம்பர் பஸ்ஸில் நின்றபடி போனார். கறியின் தண்ணீர் கால்சட்டையில் வழிந்திருக்கிறது. பசியோடு காத்திருந்த இருபது கிழவர்களிடம் காரணத்தைச் சொல்லியிருக்கிறார். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு பொம்பளை, அவள்தான் வண்டியைக் கெடுத்தாள் என்று.

அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு வண்டியை ஓட்டிக்கொண்டே கடைக்கு வந்தார்.

"ஓடலைன்னு சொன்னீங்க. ஓட்டிக்கிட்டு வந்திருக்கீங்களே," என்றாள் நிமியா.

"இப்ப ஓடுது. நேத்து ஓடலை."

"இப்ப திறங்க."

திறந்தது. பூட்டச் சொன்னாள். பூட்டியது. இருபது தரம் சோதித்தாள், இருபது தரமும் சரியாக இருந்தது. ரிமோட்டின் பேட்டரியை மாற்றிக் கொடுத்து அனுப்பினாள். அன்றைக்குப் பன்னிரண்டரை மணிக்கு ஃபோன் வந்தது.

"திறக்கலை."

நிமியா மோட்டார் சைக்கிளில் போனாள். அவர் வீடு எட்டுத் தெரு தள்ளி. போகும் வழியில் ரயில்வே கேட்டருகே ஒரு பஸ் பழுதாகி நின்று வழி அடைத்திருந்தது. அவள் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு ஆகிவிட்டது. டோன் எலாடியோ மத்தியானத் தூக்கத்தில் இருந்தார். ஞா தீக்னா ரிமோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். வண்டி 'டக்' என்று திறந்தது.

அதற்குப் பிறகு ஏழு வாரம் இதுதான் கதை. கடையில் நன்றாக இருக்கும். வீட்டில் காலையில் நன்றாக இருக்கும். மத்தியானமும் சாயங்காலமும் சில நேரம் செத்துப்போகும். அவள் போய் நிற்கும்போது உயிர் வந்துவிடும். நான்கு முறை டேஷ்போர்டைக் கழற்றினாள். ஒவ்வொரு ஒட்டையும் பிரித்து மறுபடி ஈயம் வைத்தாள். ஏரியல் துண்டுகளை இடம் மாற்றினாள். கறுப்புப் பெட்டியின் மூடியைத் திறந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். வெயிலில் சூடாகி மக்கர் பண்ணுகிறதோ என்று அந்தப் பெட்டியை என் கடை வாசலில் தகரத்தின்மேல் வைத்து மூன்று மணி நேரம் காயவிட்டாள். அது பாட்டுக்கு வேலை செய்தது.

டோன் எலாடியோ போகிற இடமெல்லாம் பேசினார். சலூனில் பேசினார், சர்ச் வாசலில் பேசினார், சீபா ரொட்டி விற்கும் பெண்ணிடம்கூடப் பேசியிருக்கிறார். அவள் வந்து எங்களிடமே கேட்டாள்.

"ஞா நிமியா, ஒரு வண்டியை எரிச்சிட்டீங்களாமே?"

"எரிக்கலை. கதவு திறக்கலை."

"அவர் எரிஞ்சுதுன்னாரே."

இரண்டு பழைய வாடிக்கைக்காரர்கள் ஆல்டர்னேட்டரைக் கொடுக்காமல் திரும்பிப் போனார்கள். எனக்குத்தான் தாங்கவில்லை. நிமியா வந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் வேலை செய்யும் விதம் மாறிப்போனதை நான் பார்த்தேன். ஒரு சாதாரண ஹார்ன் வயரைக்கூட இரண்டு தரம் சோதித்தாள். முடித்த வேலையை மறுபடி பிரித்துப் பார்த்தாள். ஒருநாள் தன் கையை விரித்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பாக்குற?"

"ஈயம் வைக்கிறப்ப கை நடுங்குதான்னு பாத்தேன். வயசாகுதோ என்னமோ."

"உன் கையில ஒண்ணும் இல்ல. அந்த ஆளோட வாய்லதான் இருக்கு."

அந்த ஞாயிற்றுக்கிழமை சிரிலோ ஃபோன் பண்ணியபோது இவள் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கும் கேட்டது.

"எர்த் வயரை மாத்திக் குடுத்திருப்ப. நல்லா பாரு."

"மாத்தலை சிரிலோ."

"நான் இருந்திருந்தா அந்த வேலையையே தொட்டிருக்க மாட்டேன். உனக்கு எதுக்கு இந்தப் புது சமாச்சாரமெல்லாம்? ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் பாத்தமா, வந்தமான்னு இரு."

அவள் ஃபோனை வைத்தபிறகு நான் போய்த் தெரெரேக் குவளையை நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை.

ஜனவரி பத்தாம் தேதி வாக்கில் டோன் எலாடியோ மறுபடி ஃபோன் பண்ணினார். இந்தத் தரம் பெட்டியையே கழற்றி வீசிவிட்டு, தொட்டதையெல்லாம் பழையபடி ஆக்கித் தரவேண்டும் என்றார். நிமியா என்னிடம் வந்து, "கூட வா. நான் எதாவது சொல்லிடாம பாத்துக்க," என்றாள். தைத்துக்கொண்டிருந்த மினிபஸ் உறையை அப்படியே போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிக்கொண்டேன்.

போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு நாற்பது. அன்றைக்கு நாற்பத்திரண்டு டிகிரி என்று ரேடியோவில் சொன்னார்கள். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. வீட்டு வாசலில் மாமர நிழலில் வண்டி நின்றது. எல்லா வீட்டிலும் ஏசி உறுமிக்கொண்டிருந்தது. டோன் எலாடியோ பனியனோடு வெளியே வந்தார்.

"பாரு, உன் கண்ணாலயே பாரு," என்று ரிமோட்டை அவளிடம் கொடுத்தார்.

ஏழு வாரத்தில் முதல் தடவையாக அவள் கண் முன்னாலேயே வண்டி திறக்கவில்லை. அவளுக்கு அது அவமானமாக இல்லை, ஒருவித நிம்மதியாகவே இருந்தது என்று பிறகு சொன்னாள். குனிந்து கதவருகே காதை வைத்தாள். சுற்றி நடந்தாள். ரிமோட்டைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள்.

"பதினோரு நிமிஷத்துல மாட்டினவன் மூணு நாள் எடுத்துக்கலை," என்று அவர் என்னிடம் சொன்னார். "வேகமாச் செய்யறவன்தான் தெளிவாச் செய்வான். இது நான் ஆபீஸ்லயே பாத்தது. இந்த மாதிரி வேலைக்கெல்லாம் ஒரு மனத்தெளிவு வேணும். பொம்பளைங்களைக் குத்தம் சொல்லலை, அவங்களுக்கு ஆயிரம் கவலை..."

நான் நிமியாவின் கையைப் பார்த்தேன். அதில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. வைப்பதற்கு மேசை இல்லை.

அப்போதுதான் கரண்ட் போனது.

அந்த வெயிலில் எங்கள் ஊரில் தினம் நடப்பதுதான். தெரு முழுக்க ஏசிகள் ஒவ்வொன்றாக மூச்சை விட்டுவிட்டு அடங்கின. எல்லா வீட்டிலிருந்தும் ஒரே வசவு கேட்டது. அந்த அமைதியில், யாரும் தொடாமல், வண்டி 'டக்' என்று நான்கு கதவையும் திறந்தது.

மூன்று பேரும் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"யாரு திறந்தது?" என்றார் டோன் எலாடியோ.

நிமியா பத்தடி பின்னால் போனாள். பூட்டியது. வந்தாள், திறந்தது. உள்ளே உட்கார்ந்து பொத்தானை அமுக்கினாள். இஞ்சின் ஓடியது. அணைத்துவிட்டு இறங்கி, சாலையோரக் கல்லில் உட்கார்ந்தாள்.

"என்ன பண்ற?"

"கரண்ட் வர்ற வரைக்கும் உக்காந்திருக்கேன்."

நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். ஞா தீக்னா குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நடுநடுவே டோன் எலாடியோ நிழலுக்கு வரச்சொன்னார், அவள் நகரவில்லை. கரண்ட் வந்தது, ஏசிகள் உறும ஆரம்பித்தன. அவள் எழுந்து நடந்து பார்த்தாள், வண்டி திறந்தது, பூட்டியது, திறந்தது.  இதுவும் இல்லையா என்று நினைத்தேன். அப்போது வீட்டுக்குள்ளே மத்தியானச் செய்தி வாசிக்கும் குரல் கேட்டது. அந்த நொடியே வண்டி செத்துப்போனது.

நிமியா ரிமோட்டை வண்டிமேல் வைத்துவிட்டு நேராக வீட்டுக்குள் போனாள். நானும் பின்னால் போனேன். ஞா தீக்னா டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். டிவிக்குப் பின்னால் ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி இருந்தது. அதில் இரண்டு பிளக். ஒன்று டிவிக்கு. இன்னொன்றிலிருந்து ஒரு கேபிள் ஜன்னல் வழியாகக் கூரைக்கு ஏறியது.

"ஞா தீக்னா, இது என்ன?"

"ஏரியலுக்கு பூஸ்டர். கால்பந்துக்காக எலாடியோ வாங்கினாரு. அவரே துடைப்பக்கட்டையில கட்டிக் கூரைமேல வச்சாரு. படம் ரொம்பத் தெளிவா வருது."

"எப்ப வச்சாரு?"

"கறி விருந்துக்கு முந்தின நாளு. சனிக்கிழமை ராத்திரி மேட்ச் இருந்துச்சே."

நிமியா அந்தப் பிளக்கை மட்டும் பிடுங்கினாள். டிவியில் படம் புள்ளிபுள்ளியாகப் போனது. வெளியே 'டக்' என்று கேட்டது. சொருகினாள். என்னை வெளியே போய்ப் பார்க்கச் சொன்னாள். திறக்கவில்லை. பிடுங்கினாள், திறந்தது. பூஸ்டர் கெட்டுப்போய், வாங்க வேண்டிய அலையைத் தானே திருப்பி வெளியே கத்திக்கொண்டிருந்தது. அந்தக் கத்தலில் ரிமோட் சொல்வது வண்டிக்குக் கேட்கவில்லை. டிவி போடும்போதுதான் அந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியைப் போடுவார்கள், கரண்ட் போனதும் ஞா தீக்னா அதை அணைத்திருந்தாள். காலையில் டிவி போடுவதில்லை. மத்தியானம் செய்தி, சாயங்காலம் தொடர், ஞாயிற்றுக்கிழமை கால்பந்து. மத்தியானத் தூக்கத்துக்கு முன்னால் டோன் எலாடியோ கரண்டை மிச்சம் பிடிக்க எக்ஸ்டென்ஷன் பெட்டியையே அணைத்துவிடுவார். அவள் வந்து நிற்பதெல்லாம் அந்த நேரத்தில்தான்.

இவ்வளவையும் அவள் வாசலில் நின்று அவரிடம் சொன்னாள். குரல் உயரவில்லை. அவர் கேட்டுக்கொண்டார். கூரையைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார்.

"அப்ப உன் பொத்தான் ரொம்ப பலவீனம்னு அர்த்தம்," என்றார்.

நிமியா என்னைத் திரும்பிப் பார்த்தாள். எதாவது சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான் என்னைக் கூட்டிவந்திருந்தாள். நான் அவளைத் தடுக்கவில்லை.

"டோன் எலாடியோ, பொத்தான் என்னோடது இல்ல. நீங்க வாங்கினது. பூஸ்டரும் நீங்க வாங்கினது. துடைப்பக்கட்டையும் உங்களோடது. இந்த வாசல்ல என்னோடது ஒண்ணுதான், அந்த வயருங்கள்ல நான் வச்ச ஈயம். அதுல ஒரு ஒட்டு விட்டிருந்தாக் காட்டுங்க, நான் கடையை மூடிட்டுப் போறேன். ஏழு வாரமா என் கையையே நான் நம்பலை. உங்களுக்கு அது தெரியுமா?"

அவர் மறுபடி கூரையைப் பார்த்தார். ஞா தீக்னாதான் உள்ளேயிருந்து, "எலாடியோ, அந்தக் கறி விருந்து ஆளுங்ககிட்ட போய்ச் சொல்லிட்டு வா," என்றாள். "சலூன்லயும் சொல்லு. சர்ச்சுல நான் சொல்லிக்கிறேன்."

சொன்னார். எப்படிச் சொன்னார் என்பதை அடுத்த சனிக்கிழமை சலூனில் நானே கேட்டேன். நுரை தடவிய முகத்தோடு நாற்காலியில் சாய்ந்துகொண்டு எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார்.

"அலைகள்ல பிரச்சினை இருக்குன்னு எனக்கு ஆரம்பத்துலயே ஒரு சந்தேகம். கரண்ட் போனப்ப சட்டுனு பிடிச்சிட்டேன். அந்தப் பொண்ணுக்கும் எடுத்துச் சொன்னேன். பாவம், நல்லாக் கேட்டுக்கிட்டா. கெட்டிக்காரி. சான் லொரென்ஸோல இந்த வேலையைச் சுத்தமாச் செய்யறது அவ ஒருத்திதான்."

நாவிதர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் பத்திரிகையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சிரிலோ ஃபோன் பண்ணினான். நிமியா பூஸ்டர் கதையைச் சொன்னாள். 

"நானும் அதையேதான் சொல்ல வந்தேன். வெளியிலேருந்து எதாவது தொந்தரவு இருக்கும்னு," என்றான்.

"எர்த் வயர்னு சொன்ன."

"அது முதல்ல பாக்க வேண்டியது. அப்புறம் இதைச் சொல்லலாம்னு இருந்தேன்."

"சரி சிரிலோ," என்று ஃபோனை வைத்தாள். அன்றைக்குக் குவளையை வாங்கிக்கொண்டாள். ஒரே மூச்சில் உறிஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இந்த உலகத்துல ஆம்பளைங்களுக்கெல்லாம் முன்னாடியே தெரிஞ்சிருக்கு, கிறிஸ்பின். எனக்குச் சொல்ல மட்டும் மறந்துடறாங்க."

"எனக்குத் தெரியாதுப்பா," என்றேன்.

"உனக்கு ஒண்ணுமே தெரியாது. அதனாலதான் உன்கூடப் பேசறேன்."

டோன் எலாடியோ வேறு பூஸ்டர் வாங்கவில்லை. படம் இவ்வளவு தெளிவாக வரும்போது எதற்கு மாற்ற வேண்டும் என்கிறார். மேட்ச் இருக்கும் நாளில் வண்டியை இரண்டு தெரு தள்ளி, மருந்துக்கடை வாசலில் நிறுத்திவிட்டு நடந்து வருகிறார்.

அவர் சலூன் பேச்சின் பலன் பிப்ரவரியில் தெரிந்தது. கறி விருந்துக் கிழவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் எல்லைப் பக்கத்திலிருந்து வாங்கிய ஒரு அட்டைப்பெட்டி. ஒவ்வொருவரும் அதே வீடியோவைப் பார்த்திருந்தார்கள். நிமியா யாரையும் திருப்பி அனுப்பவில்லை. வாங்கிக்கொண்டதற்குக் காரணம் கேட்டேன். முதல் வண்டிக்கு வயர் தேடவே இரண்டு நாள் ஆனது, இப்போது அரை நாளில் கண்டுபிடிக்கிறேன், இது இந்த ஊரில் வேறு யாருக்கும் தெரியாது என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் எரிச்சல் குறையவில்லை. ஆனால் ஈயம் வைத்த இடத்தை இரண்டாம் தரம் பார்க்காமலே டேப் சுற்றினாள்.

போன வாரம் ஐந்தாவது கிழவர் வந்தார். பெயர் டோன் பிரிஹிதோ. வண்டியும் அதே மாதிரி ஸ்டியரிங் மாற்றிய வண்டிதான். நிமியா டேஷ்போர்டைக் கழற்றி, டார்ச்சைக் கடித்துக்கொண்டு அடியில் நுழைந்தாள்.  பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கிறிஸ்பின், மெஷினை நிறுத்திட்டு வா. ஸ்டியரிங் மாத்தினவன் டெலிஃபோன் வயரைப் போட்டு நீட்டியிருக்கான்."